செர்ரி கிளாஃபூட்டி: கரைத்து ஊற்றத் தெரிந்தால் போதும்

ஓவன் வாங்கி வைத்துவிட்டு, கேக் செய்யப் பயந்து அதில் பிரெட் மட்டும் சுட்டுக்கொண்டிருப்பவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். பிரான்சின் நடுப்பகுதியில் இருக்கும் லிமூசான் வட்டாரத்து வீட்டுப் பலகாரம் கிளாஃபூட்டி. கருஞ்செர்ரியைத் தட்டில் பரப்பி, முட்டையும் பாலும் மாவும் கலந்த கரைசலை மேலே ஊற்றிச் சுடுவார்கள். கேக்குக்கும் கஸ்டர்டுக்கும் நடுவான ஒரு பதத்தில் வரும். பேக்கிங் பவுடர், ஐசிங் எதுவும் வேண்டாம்.

6 பேருக்கு: செர்ரி 500 கிராம், முட்டை 3, சர்க்கரை 100 கிராம், மைதா 80 கிராம், பால் 300 மி.லி., வெண்ணெய் 30 கிராம், உப்பு ஒரு சிட்டிகை. பேக்கரியில் கேக் மேல் வைக்கும் சிவப்பு செர்ரி இதற்கு ஆகாது. அது பெரும்பாலும் சாயமேற்றிச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்த களாக்காய்தான்! மே, ஜூனில் வரும் காஷ்மீர், இமாசல செர்ரி அருமையாக இருக்கும்.

முதலில் கொட்டைப் பஞ்சாயத்து. லிமூசானில் பழைய முறைப்படி செய்பவர்கள் கொட்டையை எடுப்பதில்லை. கொட்டையோடு வெந்தால் லேசாகப் பாதாம் மணம் ஏறும், பழச்சாறும் கசிந்து மாவை நனைக்காது. நானும் அந்தக் கட்சிதான். ஆனால் கொட்டையைக் கடித்து உடைக்கக் கூடாது, உள்ளிருக்கும் பருப்பு நஞ்சு. வீட்டில் குழந்தைகளோ பல்செட் வைத்த பெரியவர்களோ இருந்தால் யோசிக்காமல் எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் பரிமாறும்போது எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.

அடுத்து கரைசல். முட்டை, சர்க்கரை, உப்பு மூன்றையும் விஸ்கால் (முட்டை அடிக்கும் கம்பிக் கரண்டி) கலக்குங்கள். நுரைக்க அடிக்க வேண்டியதில்லை, சர்க்கரை கரைந்தால் சரி. மைதாவைச் சலித்துப் போட்டு, பால் சேர்ப்பதற்கு முன்பே கட்டியில்லாமல் குழைத்துவிடுங்கள். கெட்டியாக இருக்கும்போது கட்டிகள் தாமாக உடையும். பாலை மொத்தமாக ஊற்றிவிட்டால் அவை நழுவி மிதக்கும், துரத்திப் பிடிக்க முடியாது. அதனால் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள். 20 கிராம் வெண்ணெயை உருக்கி, சூடு ஆறியதும் சேருங்கள். ரவா தோசைக்குக் கரைப்பதுபோல நீர்க்க இருக்கும். பயந்துபோய் இன்னொரு கரண்டி மைதா போடாதீர்கள், ரப்பர் மாதிரி ஆகிவிடும். அரை மணி நேரம் மூடி வையுங்கள்.

ஓவனை 180 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்குங்கள். ஓடிஜி (ஓவன், டோஸ்டர், கிரில் மூன்றும் சேர்ந்த மின் அடுப்பு) என்றால் மேல், கீழ் இரண்டு கம்பியும் எரியட்டும். 24 செ.மீ. அகலமுள்ள, ஓவனில் வைக்கக்கூடிய கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரத்தில் மீதி வெண்ணெயைத் தடவி, மேலே கொஞ்சம் சர்க்கரை தூவுங்கள். அடி கழலும் கேக் டின் வேண்டாம், கரைசல் ஒழுகிவிடும். துடைத்த செர்ரியை நெருக்கமாகப் பரப்பி, கரைசலை மெதுவாக ஊற்றுங்கள்.

வேக 35 முதல் 40 நிமிடம் ஆகும். முதல் அரை மணி நேரம் கதவைத் திறக்காதீர்கள். ஓரம் முதலில் உப்பிப் பொன்னிறமாகும், நடுப்பகுதி தாமதமாகத்தான் வரும். பாத்திரத்தை லேசாக அசைத்தால் நடுவில் மட்டும் கொஞ்சம் ஆட வேண்டும், கத்தி குத்தினால் பச்சை மாவு ஒட்டக் கூடாது. அப்போதே எடுத்துவிடுங்கள். வெளியே வந்த சில நிமிடங்களில் உப்பல் அமுங்கிவிடும். அதன் சுபாவமே அதுதான், கவலை வேண்டாம்.

கால் மணி நேரமாவது ஆறவிட்டு, பொடித்த சர்க்கரை தூவி, பாத்திரத்திலிருந்தே துண்டு போட்டுப் பரிமாறுங்கள். வெதுவெதுப்பாகச் சாப்பிட்டால்தான் ருசி.

செர்ரி கிடைக்காத மாதங்களில் பிளம்ஸ், பேரிக்காய், ஆப்பிள் எதிலும் இதே அளவில் செய்யலாம். ஆனால் செர்ரி இல்லாததைப் பிரான்சில் கறாரானவர்கள் கிளாஃபூட்டி என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஃப்ளோன்யார்ட் என்பார்கள். ஆப்பிள் என்றால் மட்டும், துண்டுகளை வெண்ணெயில் ஐந்து நிமிடம் வதக்கிவிட்டுப் போடுங்கள். பச்சையாகப் போட்டால் மாவு வெந்த பிறகும் பழம் கறுக்கென்று நிற்கும்.