தடுப்பு பலூன் மாதிரி: பள்ளிக் கண்காட்சிக்குச் செய்யும் முறை

இரண்டாம் உலகப் போரில் லண்டனுக்கு மேலே மிதந்த தடுப்பு பலூன் 62 அடி நீளம், 25 அடி விட்டம். ஹைட்ரஜன் நிரப்பி, எஃகு வடத்தில் சுமார் 5,000 அடி வரை ஏற்றினார்கள். விமானத்தை மறித்தது பலூன் இல்லை, வடம்தான். இறக்கை மாட்டிவிடும் என்ற பயத்தில் எதிரி உயரத்திலேயே பறப்பான், குண்டு குறி தப்பும். அதனால் மாதிரியிலும் கயிறு பளிச்சென்று தெரியட்டும்.

பத்தில் ஒரு பங்கு அளவுக்கு 40 மைக்ரான் பாலிதீன் ஷீட் இரண்டு, 2 மீட்டர் நீளத்தில் எடுங்கள். அகலத்தில்தான் கணக்கு தப்பும். தட்டைப் பை உப்பினால் அகலம் குறையும். 80 செ.மீ. விட்டம் வர 126 செ.மீ. வேண்டும், ஒட்டுக்குப் பக்கத்துக்கு 2 செ.மீ. தனி. மீன் வடிவில் வெட்டி, மேலே பட்டர் பேப்பர் போட்டு ஓரத்தை இஸ்திரிப் பெட்டியால் ஒட்டுங்கள். சூட்டை முதலில் துண்டு ஷீட்டில் பாருங்கள். பொத்தல் இருந்தால் சோப்பு நுரை காட்டிக்கொடுக்கும்.

வால் சிறகு மூன்றுக்கும் வெறும் காற்றுதான். அசலிலும் அப்படியே, காற்று அடிக்காதபோது யானைக் காதாகத் தொங்கும்.

ஹீலியம் மட்டும் போதும், ஹைட்ரஜன் தீப்பிடிக்கும். அரை கன மீட்டர் ஹீலியம் சுமார் அரை கிலோவைத் தூக்கும், உறையின் எடை 200 கிராமுக்குள். விறைக்க நிரப்பாதீர்கள், பத்து மணி வெயிலில் வாயு விரிந்து ஒட்டு பிரியும்.

கட்டுவதில்தான் சூட்சுமம். வயிற்றுப் பக்கம் நாலு நூலை ஒரு வளையத்தில் சேருங்கள். வளையம் நடுவுக்குச் சற்று முன்னே, மூக்கு லேசாக நிமிர்ந்திருக்க வேண்டும். பின்னே போனால் பலூன் காற்றை எதிர்கொள்ளாமல் இடவலமாக அல்லாடும். ரொம்ப முன்னே போனால் மூக்கு கவிழும். கயிறு 10 மீட்டர் நைலான், அடியில் 5 கிலோ மணல் மூட்டை. மாஞ்சா வேண்டவே வேண்டாம்.

டெல்டாவில் ஆடிக் காற்று இதற்கு ஆகாது. தை, மாசிக் காலைதான் தோது, பனி ஈரத்தை மட்டும் துணியால் துடைத்துவிடுங்கள், அந்த எடையே பலூனை இறக்கிவிடும். நாகப்பட்டினம் பக்கம் மதியம் கடற்காற்று எழும்பும் முன்பே இறக்குங்கள். தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருப்பதால், அந்த வட்டாரத்தில் காவல் நிலையத்தில் கேட்காமல் ஏற்றக் கூடாது. வயல் மேல் போகும் மின்கம்பியிலிருந்து கயிற்று நீளத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி நில்லுங்கள். 1940 செப்டம்பர் புயலில் அறுந்த பிரிட்டிஷ் பலூன்கள் ஸ்வீடன் வரை போய், இழுத்துக்கொண்டு போன வடத்தால் அங்கே மின்கம்பிகளைத்தான் கெடுத்தன.