வார்ஃபரின் சாப்பிடுகிறவர் வீட்டில் கீரை, பூண்டு, கஷாயம்: எதை எப்படிக் கொடுப்பது?

இதய வால்வு மாற்றியவர்களுக்கு, இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளான வார்ஃபரினோ அசிட்ரோமோ எழுதிக் கொடுத்ததும், "இனி கீரைப் பக்கமே போகாதே" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அப்படி அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. இரத்தம் உறைவதற்கான சில புரதங்களைக் கல்லீரல் வைட்டமின் கே-யை வைத்துத்தான் செய்து முடிக்கிறது, இந்த மாத்திரைகள் அந்த வைட்டமின் திரும்பத் திரும்பப் பயன்படுவதைத் தடுக்கின்றன, முருங்கைக்கீரையிலோ அது ஏராளம். ஒரு வாரம் தினமும் பொரியல், அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்றால் ஐஎன்ஆர் (இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை அளவு) ஏறி இறங்கத்தான் செய்யும். வாரம் இரண்டு தடவை என்றால் எப்போதும் இரண்டு தடவை, ஏறக்குறைய அதே அளவு. டாக்டர் அதற்கேற்ப டோஸ் வைப்பார்.

பூண்டு வேலை செய்யும் வழி வேறு. அதை நசுக்கும்போது உண்டாகும் கந்தகச் சேர்மங்களிலிருந்து வரும் அஜோயீன் என்ற பொருள், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) ஒன்றோடொன்று ஒட்டுவதைக் குறைக்கிறது. ஐஎன்ஆர் பரிசோதனை தட்டணுக்களின் வேலையை அளப்பதே இல்லை, அதனால் ரிப்போர்ட் நார்மலாக இருக்கும்போதே ஈறில் ரத்தம் கசியலாம். ரசத்தில் தட்டிப் போடும் நாலு பல்லுக்குப் பயப்பட வேண்டாம். பூண்டு கேப்சூல்தான் யோசிக்க வேண்டியது.

மஞ்சளும் அப்படித்தான். குழம்புக்குப் போடுவது சரி, ஆனால் குர்குமின் கேப்சூல் வாங்கினால் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள், பல பிராண்டுகளில் மிளகுச் சத்தான பிப்பரினும் இருக்கும். குர்குமின் உடம்பில் சேர்வதற்காகப் போடுகிற அதுவே, மருந்துகளை உடைக்கும் சில நொதிகளையும் மந்தமாக்கும். நிலவேம்பில் உள்ள ஆண்ட்ரோகிராஃபோலைடும் ஆய்வகச் சோதனைகளில் தட்டணுக்கள் திரள்வதைக் குறைத்திருக்கிறது, அதனால் நிலவேம்புக் குடிநீர் தருவதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

"மூலிகைதானே, என்ன செய்துவிடும்?" என்பவர்களுக்கு ஒரு தகவல்: வார்ஃபரினின் கதையே, கெட்டுப்போன ஸ்வீட் குளோவர் என்ற தீவனச் செடியைத் தின்று ரத்தம் கசிந்து செத்த அமெரிக்க மாடுகளில்தான் தொடங்கியது. முதலில் எலி மருந்தாக விற்றார்கள், 1954-இல்தான் மனிதருக்கான மருந்தானது.

அப்புறம், பல் பிடுங்குவதானாலும் ஆபரேஷன் என்றாலும், சாப்பிடும் பொடி, கேப்சூல், கஷாயம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கள். மூலிகைக் கேப்சூல்களைப் பொதுவாக இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ஆனால் வார்ஃபரினையோ ஆஸ்பிரினையோ நீங்களாக நிறுத்தவே கூடாது. மலம் தார் போலக் கறுத்தாலோ, காரணமில்லாமல் தோல் கன்றினாலோ, தலையில் அடிபட்டாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.