லினோவில் ஒரு கோலம் செதுக்கி, பொங்கலுக்கு 40 பேருக்குக் கொடுப்பது எப்படி?

லினோ என்பது உளியால் எளிதில் செதுக்கக்கூடிய லினோலியத் தகடு. செதுக்கி, மை தடவி, மேலே தாளை வைத்துத் தேய்த்தால் படம் தாளில் இறங்கும். முதல் வேலை செதுக்குவது அல்ல, பெயர் எழுதுவது. ஒரு நோட்டில் 1 முதல் 40 வரை எண் போட்டு, ஒவ்வொரு எண்ணுக்கு நேராகவும் யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். சொந்தக்காரர்கள், பழைய ஆசிரியர்கள், தபால்காரர், பேப்பர் போடும் பையன், கிளை நூலகம், எதிர்வீட்டுப் பாட்டி. அச்சடித்த பிறகு பட்டியல் போட்டால் நன்றாக வந்தவை நம்மிடமே தங்கிவிடும், சுமாரானவை கொடுக்கப் போகும். பெயர் முன்னால் இருந்தால் ஒவ்வொரு தாளையும் தேய்க்கும்போது இது யாருக்கு என்று தெரிந்தே தேய்ப்போம். கை தானாகவே கவனமாகும்.

40 என்ற எண்ணிக்கைக்குக் காரணம் உண்டு. அச்சு இயந்திரம் இல்லாமல் கரண்டியால் தேய்த்து எடுக்கும்போது ஒரு பிரதிக்கு 5 முதல் 6 நிமிடம் ஆகும். வீணாவதையும் சேர்த்தால் மொத்தம் நாலரை மணி நேரம். இரண்டு நாளில் பிரித்துச் செய்தால் தோள்பட்டை தாங்கும். முதல் முறை என்றால் 20 பேரோடு நிறுத்திக்கொள்ளலாம், தவறில்லை.

நாள் கணக்கைப் பொங்கலிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். ஜனவரி 5-க்குள் தபாலில் சேர்க்க வேண்டும். மை காய ஒரு வாரம் விடுங்கள். மார்கழிப் பனியில் அது சீக்கிரம் காயாது. ஆகவே டிசம்பர் 28-க்குள் அச்சு முடிய வேண்டும், 22-க்குள் செதுக்கல் முடிய வேண்டும்.

வாங்க வேண்டியவை

– 3 மி.மீ. கனமுள்ள லினோ ஷீட்: 10 × 13 செ.மீ. துண்டு இரண்டு. ஒன்று பழக, ஒன்று அச்சுக்கு.
– லினோ கட்டர் செட் (செதுக்கும் உளி): கைப்பிடியோடு 1 மி.மீ. வி முனை, 2 மி.மீ. யு முனை, அகலமான யு முனை ஒன்று.
– ரப்பர் ரோலர்: 10 செ.மீ. அகலம்.
– எண்ணெய் மை: 50 கிராம் தாராளம். பக்கத்து ஆஃப்செட் அச்சகத்தில் சின்ன டப்பாவைக் கொடுத்துக் கேட்டால் கறுப்பு மை கிடைக்கும்.
– 120 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 120 கிராம்) வழவழப்பான கார்ட்ரிட்ஜ் தாள்: ஏ4 அளவில் 25. பாதியாக வெட்டினால் 50 ஏ5 தாள்கள். இதில் 40 கொடுக்க, 4 உங்களுக்கு, 6 வீணாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.
– 20 × 30 செ.மீ. கண்ணாடித் துண்டு, டிரேசிங் பேப்பர், 4பி பென்சில், பட்டர் பேப்பர், அடி வளைந்த கரண்டி.

நீரில் கரையும் மையும் கடையில் கிடைக்கும், கழுவச் சுலபம். ஆனால் மின்விசிறி ஓடும் அறையில் கண்ணாடி மேலேயே காய்ந்துவிடும். காய்ந்த பிறகும் ஈரக் கை பட்டால் சிலவகை மை கரையும். தபாலில் போகிற படத்துக்கு எண்ணெய் மைதான் சரி.

கையால் செய்த சொரசொரப்பான தாள் பார்க்க அழகு. ஆனால் அதன் மேடுகளில் மட்டும் மை ஒட்டும், பள்ளங்கள் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். அதைக் கரண்டியால் வெல்வது கஷ்டம், முதல் தடவைக்கு வேண்டாம்.

வரைவது

லினோவில் எதைச் செதுக்கி எடுக்கிறோமோ அது வெள்ளையாக வரும், விட்டுவைப்பது கறுப்பாக வரும். அதனால்தான் கோலம் இதற்கு இவ்வளவு பொருந்துகிறது. சாணம் தெளித்த கருந்தரையில் வெள்ளைக் கோடு எப்படியோ, கறுப்பில் வெள்ளை வரியும் அப்படியே. கோடு எங்கே போகிறதோ அங்கே உளி போனால் போதும். சுற்றியுள்ள இடத்தைத் தொடவே வேண்டாம். இதற்கு எதிர்மாறாக, வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடு வேண்டுமென்றால் கோட்டை மட்டும் நிறுத்திவிட்டு மீதி அத்தனையும் தோண்ட வேண்டும். புதியவர்கள் அங்கேதான் பாதியில் விடுகிறார்கள். தண்டி யாத்திரையில் கோலூன்றி நடக்கும் காந்தியை ஓவியர் நந்தலால் போஸ் 1930-ல் செய்தது இதே லினோவில்தான், கறுப்பில் வெள்ளைக் கோடாக.

10 செ.மீ. அகலத்தில் 5 வரிசை, வரிசைக்கு 5 புள்ளி வையுங்கள். புள்ளிக்குப் புள்ளி 1.6 செ.மீ. சுற்றி வளையும் கோட்டையும் சேர்த்தால் கோலம் 8 × 8 செ.மீ. வரும், இருபக்கமும் 1 செ.மீ. ஓரம் நிற்கும். மேலே 1 செ.மீ. விட்டுக் கோலத்தைத் தொடங்கினால், கீழே 'பொங்கல்' என்று எழுத 4 செ.மீ. மிஞ்சும். எழுத்தின் உயரம் 1.2 செ.மீ.க்குக் குறைய வேண்டாம். குறைந்தால் 'ங்'கின் வளைவும் 'ல்'லின் சுழியும் அடைபட்டுவிடும். சிக்குக் கோலத்தின் இலக்கணம் எல்லோருக்கும் பொது. எந்தச் சுழியை எங்கே சேர்ப்பது, எங்கே திறந்துவிடுவது என்பது உங்களுடையதாக இருக்கட்டும். இணையத்தில் கிடைத்த கோலத்தை அப்படியே நகலெடுத்துக் கீழே உங்கள் கையெழுத்தைப் போடாதீர்கள்.

அச்சில் படம் இடவலமாகத் திரும்பும். நேராக லினோ மேலேயே எழுதிவிட்டுக் கடைசியில் தலையில் கை வைப்பது இந்த வேலையில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. டிரேசிங் பேப்பரில் 4பி பென்சிலால் அழுத்தி நேராகவே வரையுங்கள். பென்சில் பட்ட பக்கம் கீழே வருமாறு லினோ மேல் கவிழ்த்து, நகராமல் டேப் ஒட்டி, பின்பக்கம் கரண்டியால் தேயுங்கள். கோடு திரும்பி இறங்கும். உளியை எடுப்பதற்கு முன் ஒரு தரம் சரிபாருங்கள்: லினோவில் 'ல்' இடது ஓரத்திலும், 'பொ'வின் கொம்பு வலது ஓரத்திலும் இருக்க வேண்டும். இருந்தால், பென்சில் கை பட்டு அழியாதபடி மெல்லிய மார்க்கரால் கோட்டின் மேலேயே ஓட்டிவிடுங்கள்.

செதுக்குவது

25 × 20 செ.மீ. பிளைவுட் பலகையின் மேல்பக்கம் ஒரு ஓரத்திலும், அடிப்பக்கம் எதிர் ஓரத்திலும் ஒவ்வொரு மரச்சட்டம் அடித்துக்கொள்ளுங்கள். அடிச்சட்டம் மேசை விளிம்பைப் பிடித்துக்கொள்ளும், மேல்சட்டத்தில் லினோ முட்டி நிற்கும். இது இல்லாமல் இடது கையால் லினோவை முன்னாலிருந்து பிடித்தால், வழுக்கும் உளி நேராக அந்தக் கையில்தான் இறங்கும். பிடிக்கும் கை எப்போதும் உளிக்குப் பின்னால் இருக்க வேண்டும். இந்த ஒன்றில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மார்கழிக் காலையில் லினோ விறைத்திருக்கும். ஐந்து நிமிடம் வெயிலில் வைத்தால் இளகிவிடும். விறைப்பாக இருக்கும்போது அழுத்தம் கூடும், அழுத்தம் கூடினால் வழுக்கும்.

முதலில் பழகும் துண்டில் நேர்கோடு பத்து, வட்டம் பத்து. பிறகு அச்சுத் துண்டில் புள்ளிகள். 2 மி.மீ. யு முனையைக் கொஞ்சம் நிமிர்த்தி ஊன்றி, உளியை அசைக்காமல் லினோவை மட்டும் ஒரு சுற்றுச் சுற்றினால் உருண்டைப் புள்ளி பெயர்ந்து வரும். அடுத்து, கோட்டின் நடுவே வி முனையால் மெல்லிய தடம். அதன் மேல் யு முனை போனால் வழி மாறாது. உளியை மிகத் தாழ்வாகச் சாய்த்துப் பிடியுங்கள். ஆழம் 1 மி.மீ., மிஞ்சினால் ஒன்றரை. அடியில் சணல் துணி தெரிந்துவிட்டால் அளவுக்கு மீறி ஆழமாகப் போய்விட்டது என்று அர்த்தம். நார் பிரிந்து மையைப் பிடிக்கும்.

வளைவில் உளியைத் திருப்பாதீர்கள், லினோவைத் திருப்புங்கள். வலது கை கிட்டத்தட்ட அசையாமல் நிற்க, இடது கை பலகை மேல் லினோவை மெல்லத் திருப்பிக்கொண்டே வர வேண்டும். சரியாகப் போனால் தேங்காய்த் துருவல்போல நீளமாகச் சுருண்டு வரும். பொடிப்பொடியாக உதிர்ந்தால் லினோ விறைத்திருக்கிறது, அல்லது பழசாகிவிட்டது, அல்லது முனை மழுங்கிவிட்டது. கோட்டை முடிக்கும் இடத்தில் கைப்பிடியைச் சற்றுத் தாழ்த்துங்கள். முனை தானாக மேலே எழும்பி வெட்டு நின்றுவிடும், தாண்டி ஓடாது.

முடிந்ததும் மை தடவ அவசரப்பட வேண்டாம். மேலே மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேயுங்கள். விட்டுப்போன இடம் அதிலேயே தெரியும்.

அச்சடிப்பது

ஒரு அட்டையில் ஏ5 அளவு, அதாவது 14.8 × 21 செ.மீ. கட்டம் போடுங்கள். அதற்குள் பக்கங்களில் 2.4, மேலே 3, கீழே 5 செ.மீ. விட்டு லினோவின் இடத்தைக் குறியுங்கள். கீழே அதிகம் விடுவது கையெழுத்துக்காக. 40 தாளிலும் படம் ஒரே இடத்தில் விழ இந்த அட்டைதான் உதவும்.

கண்ணாடி மேல் ஒரு டீஸ்பூன் மை. ரோலரை மேலும் கீழும் இழுத்து, ஒவ்வொரு இழுப்பின் முடிவிலும் தூக்கி வைத்து, சீராகப் பரப்புங்கள். காதால் கேளுங்கள்: மெல்லிய 'ஸ்ஸ்ஸ்' என்று சத்தம் வந்தால் மை சரியான அளவு. 'சப் சப்' என்று ஒட்டிக்கொண்டு வந்தால், மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல்போல இருந்தால், மை அதிகம், பாதியை வழித்தெடுங்கள். மை அதிகமானால் கோலக் கோடு அடைபடும். முதல் அச்சிலேயே பலருடைய கோலம் பாதி காணாமல் போவது இதனால்தான்.

லினோ மேல் மெல்லிய பூச்சாக நான்கைந்து தரம், குறுக்கும் நெடுக்குமாக ஓட்டுங்கள். தாளின் கீழ் மூலைகளை அட்டையில் போட்ட கோட்டோடு பொருத்தி, மெல்ல இறக்குங்கள். இறக்கிய பின் நகர்த்தக் கூடாது. மேலே பட்டர் பேப்பர் வைத்து, கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து ஓரத்துக்குச் சின்னச் சின்ன வட்டமாக மூன்று நிமிடம் தேயுங்கள். ஒரு கையால் தாளை அழுத்திக்கொண்டு மறுகையால் ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள். சாம்பலாக இருந்தால் மூலையை இறக்கி அந்த இடத்தை மட்டும் மறுபடி தேய்க்கலாம்.

முதல் மூன்று நான்கு அச்சுகள் வெளுத்தே வரும். புது லினோ மை குடிக்கும். அவற்றைப் பழைய தாளில் எடுங்கள், கணக்கில் சேர்க்க வேண்டாம்.

– எல்லா இடமும் வெளுப்பு: மை குறைவு, அல்லது தேய்ப்பு குறைவு.
– ஒரே இடத்தில் எப்போதும் வெள்ளை வட்டம்: ரோலரிலோ லினோவிலோ செதுக்கல் துணுக்கு ஒட்டியிருக்கிறது.
– கோடு இரட்டையாகத் தெரிகிறது: தேய்க்கும்போது தாள் நகர்ந்திருக்கிறது.
– வெள்ளை ஓரத்தில் கைரேகை: தாளைத் தொடும் கையும் மை தொடும் கையும் ஒன்றாகிவிட்டது. சின்னதாக மடித்த அட்டைத் துண்டால் தாளின் ஓரத்தைப் பிடியுங்கள்.

கொடியில் துணிக் கிளிப் போட்டு ஒவ்வொன்றாகத் தொங்கவிடுங்கள். ரோலரையும் கண்ணாடியையும் முதலில் சமையல் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, பிறகு சோப்பு நீர். எண்ணெயும் மையும் பட்ட துணியைச் சுருட்டிக் குப்பையில் எறியாமல் விரித்துக் காயப்போடுங்கள். காயும் எண்ணெய் சுருண்ட துணிக்குள் சூடேறித் தீப்பற்றக்கூடும்.

எண்ணும் கையெழுத்தும்

காய்ந்த பிறகு பென்சிலால், படத்துக்குக் கீழே இடப்பக்கம் 7/40 என்பதுபோல எண், வலப்பக்கம் கையெழுத்தும் ஆண்டும். 40-ல் 7-ஆவது பிரதி என்று பொருள். இது நகல் அல்ல. ஒவ்வொன்றும் உங்கள் கையால் எடுத்த மூலப்படம். பேனா வேண்டாம், அதன் மை நாளாக நாளாக வெளிறும், ஈரம் பட்டால் ஓடும். உங்களுக்கென்று வைத்துக்கொள்ளும் 4-ல் எண்ணுக்குப் பதில் 'கலைஞர் பிரதி' என்று எழுதுங்கள். பத்தில் ஒரு பங்கு அப்படி வைத்துக்கொள்வது அச்சுக்கலையில் வழக்கம்.

மங்கலானவை, கோணலானவை இப்போது கண்ணில் படும். 'சும்மாதானே கொடுக்கிறோம்' என்று அவற்றை உறையில் போட வேண்டாம். விலைக்கு விற்றால் எதை விற்பீர்களோ அதையே கொடுங்கள். பெறுபவர் குறை சொல்லவும் முடியாது, திருப்பித் தரவும் முடியாது; அதனால் சலித்தெடுக்கும் வேலை முழுவதும் நம்முடையது.

அனுப்புவது

அச்சின் மேல் பட்டர் பேப்பர், பின்னால் 250 ஜிஎஸ்எம் அட்டை, வெளியே சி5 உறை. அதில் ஏ5 தாளை மடிக்க வேண்டியதில்லை. எடையைப் பாருங்கள்: தாள் 3.7 கிராம், அட்டை 7.8, உறை ஏறக்குறைய 7. பட்டர் பேப்பரைச் சேர்க்காமலே பதினெட்டரை. சாதாரணக் கடிதத்துக்குக் கட்டணம் 20 கிராமுக்கு ஒரு படியாக ஏறுவதால், 300 ஜிஎஸ்எம் அட்டை போட்டாலே அடுத்த படிக்குப் போய்விடும். ஒன்றைக் கட்டி அஞ்சலகத்தில் எடை பார்த்துவிட்டு மீதியைக் கட்டுங்கள். எடுத்த உடனே முழு எண்ணிக்கைக்கும் தபால்தலை வாங்க வேண்டாம்.

உறைக்குள் கைப்பட ஒரு சின்னச் சீட்டு வையுங்கள். இதுபோல எழுதலாம்: "இது லினோவில் செதுக்கி, கையால் தேய்த்து எடுத்த படம். உங்களுக்காக எடுத்தது. லேமினேட் செய்ய வேண்டாம். பிரேம் போட்டால் கண்ணாடி தாளைத் தொடாமல் நடுவில் மவுண்ட் அட்டை வையுங்கள். நேர்வெயில் படாத சுவரில் மாட்டுங்கள்." லேமினேட் பற்றிய வரி அவசியம். நல்லெண்ணத்தோடு கடைக்குக் கொண்டுபோய்ப் பிளாஸ்டிக் போட்டுவிடுவார்கள். அந்தப் பசையிலிருந்து தாளைப் பிறகு பிரிக்கவே முடியாது. விலை, வாட்ஸாப் ஸ்டேட்டஸில் போடச் சொல்லும் வேண்டுகோள், உங்கள் பக்கத்தின் முகவரி எதுவும் அந்தச் சீட்டில் வேண்டாம். பதிலுக்கு ஒன்றைக் கேட்டுவிட்டால் கொடுத்ததாகாது.

நடந்து போகும் தூரத்தில் இருப்பவர்களுக்குக் கையிலேயே கொடுங்கள். தபால்காரருக்கு உரியதையும் அப்படித்தான். மற்ற உறைகளைச் சுமந்து போகப்போகிறவர்கள் அவரைப் போன்றவர்கள்தான், முதல் உறை அவருக்காக இருக்கட்டும்.

பொங்கலுக்குப் பிறகு யாராவது வந்து "எனக்கு ஒன்று கிடைக்குமா" என்று கேட்பார்கள். 40 என்று எழுதிவிட்டதால் அதே லினோவில் 41-ஆவதாக ஒன்று எடுக்கக் கூடாது. உங்களிடம் உள்ள நான்கில் ஒன்றைக் கொடுக்கலாம். அதுவும் தீர்ந்துவிட்டால் அவருடைய பெயரை அடுத்த வருட நோட்டில் 1 என்று எழுதி, அதை அவரிடமே காட்டிவிடுங்கள்.