ஏற்காட்டுச் சரிவில் தோட்ட வேலை

ஏற்காட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருப்பது முழுக்கச் சரிவு. முதல் வருடம், சேலத்துத் தோட்டத்தில் செய்த மாதிரியே களையை வேரோடு கொத்தி எடுத்தேன். ஐப்பசி மழையில் மேல்மண் அத்தனையும் வேலியோரம் போய்க் குவிந்தது. இன்னும் மனசு ஆறவில்லை.

சரிவில் கொத்தாதீர்கள். அரிவாளால் நாலு விரல் உயரம் விட்டு அறுங்கள். வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். மேலும் கீழுமாக இல்லாமல் குறுக்காகவே நகருங்கள். கல் உருளும், அதனால் உங்களுக்கு நேர் கீழே யாரும் நிற்கக் கூடாது.

அப்புறம், மண் சரியாமல் தடுக்கும் கல் கட்டு. கொத்தனார் வைத்திருக்கும் டியூப் மட்டத்தால் (தண்ணீர் நிரப்பிய குழாய்) ஒரே உயரத்தில் முளைக்குச்சி அடித்துக் கோடு போடுங்கள். ஓரடி வாய்க்கால் தோண்டி, பெரிய கற்களை அடியில் வையுங்கள். சாந்து வேண்டாம்; தண்ணீர் கசிந்து வெளியேற வழி வேண்டும். ஒவ்வொரு வரிசையும் மலைப்பக்கம் லேசாகச் சாயட்டும், பின்னால் ஜல்லி நிரப்புங்கள். வைத்த கல்லை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். 'டக்' என்று ஆடினால் எடுத்துத் திருப்பி வையுங்கள். முழங்கால் உயரத்துக்கு மேல் போனால் ஆள் வைத்துக் கட்டுவதே நல்லது.

கட்டுக்கு மேல் ஓரமாக அரையடிக்கு ஒன்றாக வெட்டிவேர் நடுங்கள். அதன் வேர் பக்கவாட்டில் பரவாமல் நேராகக் கீழே இறங்கும். அறுத்த புல்லையும் சில்வர் ஓக் சருகையும் அங்கேயே மண்ணை மூடும் மூடாக்காகப் போட்டுவிடுங்கள், எரிக்க வேண்டாம்.