கோடு வருகிறது, லாஜிக் மட்டும் வரவில்லையா?

நன்றாகக் கோடு (கணினி நிரல்) அடிப்பவர்கள்கூட லாஜிக்கில் (தருக்கவியலில்) திணறுவதற்குப் பாதிக் காரணம் 'இஃப்' என்ற ஒரே சொல்தான் என்பேன். நிரலில் அது கட்டளை. நிபந்தனை பொய்யானால் உள்ளே இருக்கும் வரிகள் ஓடாது, அதோடு கதை முடிந்தது. லாஜிக்கில் 'பி எனில் க்யூ' என்பதோ ஒரு கூற்று (பி, க்யூ இரண்டும் ஏதோ இரு கூற்றுகளுக்கான பெயர்கள்), பி பொய்யாக இருந்தாலும் அதற்கு உண்மை அல்லது பொய் என்று ஒரு மதிப்பு கொடுத்தே ஆக வேண்டும், அந்த மதிப்பு 'உண்மை' என்று மெய் அட்டவணையில் (பி, க்யூ உண்மையா பொய்யா என்ற நான்கு சேர்க்கைகளையும் வரிசையாகப் போட்ட பட்டியலில்) பார்த்ததும் தலை சுற்றும்.

அட்டவணையை உருப்போடாதீர்கள். முதலில் இதைச் செய்து பாருங்கள், பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 1966-இல் வெளியிட்ட புதிர், எழுத்தை மட்டும் நமக்கு ஏற்ப மாற்றியிருக்கிறேன். மேசையில் நான்கு அட்டைகள்: ஆ, ம், 4, 7. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். 'உயிரெழுத்து இருந்தால் பின்னால் இரட்டைப்படை எண் இருக்கும்' என்பது விதி. அதைச் சோதிக்க எவற்றைத் திருப்புவீர்கள்? பெரும்பாலானோர் ஆ-வையும் 4-ஐயும் எடுப்பார்கள் (முதல் தடவை நானும்தான்). ஆனால் 4-க்குப் பின்னால் எது இருந்தாலும் விதி உடையாது. 7-க்குப் பின்னால் உயிரெழுத்து வந்தால்தான் உடையும், ஆகவே ஆ, 7.

இனி எந்தக் கூற்றைப் பார்த்தாலும் 'இது எப்போது உடையும்?' என்று கேளுங்கள். பி உண்மை, க்யூ பொய்: அந்த ஒரு வரிசையில் மட்டும் உடைகிறது, மற்ற மூன்றும் தப்பிக்கின்றன. பைத்தான் நிரல் மொழியில், பட்டியலில் உள்ள எல்லாமே உண்மையா என்று பார்க்கும் 'ஆல்' ஃபங்ஷனுக்கு ஒரு காலிப் பட்டியலைக் கொடுத்தால் 'ட்ரூ' (உண்மை) வருவதும் இதனால்தான், உடைக்க உள்ளே ஆளே இல்லை.

அப்புறம் நம் பேச்சு மொழியும் காலை வாரும். 'எல்லாரும் வரவில்லை' என்றால் ஒருவர்கூட வரவில்லையா, சிலர் வரவில்லையா? இரண்டுக்கும் இடம் இருக்கிறது. குறியீட்டுக்குப் போகும் முன் 'வராதவர் ஒருவராவது இருக்கிறார்' என்பதுபோல் ஒரே பொருள் தரும்படி திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். வரிசையையும் கவனியுங்கள்: ஒவ்வொரு கோப்புக்கும் அதைத் திறக்கும் ஒரு பாஸ்வேர்டு இருப்பது வேறு, எல்லாக் கோப்பையும் திறக்கும் ஒரே பாஸ்வேர்டு இருப்பது வேறு. குழப்பமாக இருந்தால் இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்றாக லூப் போட்டு எழுதுங்கள், எந்த லூப் வெளியே இருக்கிறது என்பதிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும்.

பயிற்சிக்கு உங்கள் பழைய நிரலிலிருந்தே ஒரு நீளமான நிபந்தனையை எடுத்து, அதன் மறுப்பைக் கையால் எழுதி, அதில் மாறி மூன்று என்றால், உண்மை-பொய் சேர்க்கைகள் 8 வரிசையையும் இரண்டிலும் ஓடவிட்டு ஒப்பிடுங்கள். மறுக்கும்போது 'அண்ட்'டை 'ஆர்' ஆக்க எங்கே மறந்தீர்கள் என்பது அங்கேயே மாட்டும்.