கீழ்த்தள அறையில் நீர்க்கசிவா? கொட்டேஷனில் கையெழுத்துப் போடும் முன் செலவைக் கணக்கிடுவது எப்படி

கோலாலம்பூரில் பேஸ்மென்ட் என்றால் பேரங்காடியின் கார் நிறுத்துமிடம்தான் நினைவுக்கு வரும். வீட்டுக்கு அடியில் அறை இருப்பதெல்லாம் மேட்டில் கட்டிய வீடுகளில்தான். பங்சாரில் அக்கா வீடு அப்படிப்பட்டது. சாலையிலிருந்து நேரே நுழைந்தால் ஹால். படியிறங்கினால் பின்தோட்டத்தைப் பார்த்தபடி ஓர் அறை. அதன் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் முழுக்க மண். தீபாவளிச் சாமான், முறுக்கு அச்சு, பிள்ளைகளின் பழைய புத்தகம் எல்லாம் அங்கேதான் கிடக்கும். ஒரு நவம்பர் மழையில் அட்டைப்பெட்டிகளின் அடிப்பாகம் கூழாகிவிட்டது.

மூன்று குத்தகையாளர்களை (கான்ட்ராக்டர்களை) வரச் சொன்னோம். ஒருவர் 2,400 ரிங்கிட் கேட்டார், இன்னொருவர் 9,000, மூன்றாமவர் 26,000. மூவரும் பார்த்தது ஒரே சுவரைத்தான். இந்த எண்கள் எங்கள் வீட்டுக் கதை, சந்தை விலை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இவ்வளவு வித்தியாசம் ஏன் வந்தது என்று புரிந்துகொள்ள எங்களுக்கு இரண்டு மாதம் ஆனது. அதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: வந்தது எந்தத் தண்ணீர்?

விலையைத் தீர்மானிப்பது சுவரின் அளவு அல்ல, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதுதான். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய செலவு ஆகாது.

ஓர் அடிக்கு ஓர் அடி பிளாஸ்டிக் தாளை வெட்டி, ஈரமான இடத்தைத் துடைத்துவிட்டு, நான்கு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விட்டுவிடுங்கள். தாளுக்குப் பின்னால், சுவரை ஒட்டிய பக்கம் நீர்த்துளி இருந்தால் சுவர் வழியாகக் கசிகிறது. அறையைப் பார்த்த பக்கம் மட்டும் துளிகள் இருந்தால் அது காற்றின் ஈரம். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. மண்ணை ஒட்டிய சுவர் எப்போதும் குளிர்ந்திருக்கும், காற்று அதில் பட்டு வியர்க்கும். அப்படியென்றால் தேவைப்படுவது வாட்டர்ஃப்ரூஃபிங் இல்லை, அறைக்காற்றின் ஈரத்தைக் குறைப்பது. காற்றின் ஈரத்தை உறிஞ்சும் ஒரு டீஹியூமிடிஃபையரோடு வேலை முடிந்துவிடலாம்.

அடுத்தது குழாய். இரவு மேல்தொட்டி நிரம்பிய பிறகு, யாரும் தண்ணீர் திறக்காத நேரத்தில் மீட்டரைப் படம் எடுத்து வையுங்கள். காலையில் யாரும் எழுந்து குழாயைத் திறப்பதற்கு முன் இன்னொரு படம். எண் நகர்ந்திருந்தால் எங்கோ குழாய் ஒழுகுகிறது. ஒரு மணி நேரத்தில் சோதனையை முடித்துவிடாதீர்கள். தொட்டிக்குப் பிறகு வரும் குழாயில் ஒழுகினால், தொட்டி நீர் இறங்கி மிதவை வால்வு திறக்கும்போதுதான் மீட்டர் ஓடும்.

இரண்டும் இல்லையென்றால் பெரும்பாலும் மழைநீர்தான். குடையோடு வெளியே போய் நின்று பாருங்கள். அத்தான் அப்படி நின்றபோதுதான் தெரிந்தது: கூரையிலிருந்து இறங்கும் குழாய் தரைக்கு அடியில் மூட்டு விட்டுப்போய், மொத்த நீரும் அந்தச் சுவருக்குப் பின்னால் மண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்திலிருந்த லோங்காங்கிலும் (வடிகாலிலும்) நீளமாக ஒரு விரிசல். மூன்று குத்தகையாளர்களில் ஒருவர்கூட வெளியே எட்டிப் பார்க்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சுவர் வயிறு தள்ளி நின்றாலோ, விரிசல் மாதாமாதம் அகலமானாலோ, மேட்டு மண் பிளந்திருந்தாலோ இந்தப் பதிவை மூடிவிட்டு, பதிவு பெற்ற கட்டடப் பொறியாளரை அழையுங்கள். 1993 டிசம்பரில் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் கட்டடம் சரிந்து 48 பேர் இறந்தார்கள். மேட்டில் இறங்கும் நீர் சரியாக வடியாமல் போனது அதற்கு ஒரு காரணம். தடுப்புச் சுவரில் நீர் வடிய விட்டிருக்கும் துளைகளை மண் அடைத்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

இரண்டாம் படி: அளந்து எழுதுங்கள்

எங்கள் சுவர் 20 அடி நீளம், 9 அடி உயரம், ஆக 180 சதுர அடி. தரையில் சுவரை ஒட்டி 2 அடி அகலத்துக்கு 40 சதுர அடி. மொத்தம் 220. சுவரும் தரையும் சேரும் மூலையைத் தனியாக, நீளத்தில் அளக்க வேண்டும்: 20 அடி. பெரும்பாலும் கசிவது அந்த மூட்டில்தான், அந்த வேலைக்கு விலையும் அடிக்கணக்கில்தான் சொல்வார்கள். ஈரம் எட்டியிருக்கும் உயரத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். இந்தக் கோடு பின்னால் உதவும்.

சுவரைத் தட்டியும் பாருங்கள். கான்கிரீட்டா செங்கல்லா என்று தெரியாமல் எந்த விலையையும் ஒப்பிட முடியாது.

மூன்றாம் படி: கொட்டேஷனைப் படிப்பது

2,400 ரிங்கிட் என்பது உள்பக்கம் இரண்டு கோட் பெயின்ட். தண்ணீர் வருவதோ சுவருக்குப் பின்னாலிருந்து. ஒரு மீட்டர் உயரத்துக்கு நீர் தேங்கினால், அடியில் சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட ஒரு டன் அழுத்தம் இருக்கும். பெயின்ட் அதைத் தாங்காது. முதலில் கொப்புளம் வரும், அப்புறம் உரியும், நடுவில் வெள்ளையாக உப்புப் பூக்கும். அக்கா ஏற்கெனவே இரண்டு முறை அப்படி அடித்துப் பார்த்து, இரண்டு முறையும் சுரண்டியிருக்கிறார்.

26,000 என்பது வெளியே மண்ணைத் தோண்டி, சுவரின் மண் பக்கத்தில் மெம்பிரேன் (நீர் புகாத தாள்) ஒட்டி, அடியில் துளையிட்ட குழாயும் ஜல்லியும் போட்டு நீரை வடிய விடும் வேலை. நீர் வரும் பக்கத்திலேயே தடுப்பதால் முறையாகப் பார்த்தால் இதுதான் சிறந்தது. ஆனால் முற்றத்து டைல்ஸ், கேட்டின் தூண் எல்லாவற்றையும் பெயர்த்தாக வேண்டும். அவற்றைத் திரும்பப் போடும் செலவு அந்த 26,000-இல் இல்லை!

9,000-தான் சுவாரஸ்யமானது. பிரித்துத் தரச் சொன்னோம்:

பழைய பூச்சைக் கொத்தி எடுத்துக் குப்பையை அகற்ற 1,400
சிமென்ட் வகை கோட்டிங், சதுர அடிக்கு 15 வீதம் 220-க்கு 3,300
மூலை மூட்டில் பியு (பாலியூரித்தேன்) இன்ஜெக்‌ஷன், அடிக்கு 90 வீதம் 20-க்கு 1,800
மறுபடி பூச்சும் பெயின்ட்டும் 2,100
போக்குவரத்தும் மற்றவையும் 400

அவர் போனில் சொன்னது "சதுர அடிக்குப் பதினைந்துதாங்க". மொத்தத்தை 220-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 41 வருகிறது. அவர் ஏமாற்றவில்லை. இந்தக் கோட்டிங் பூச்சில்லாத வெறும் சுவரில்தான் நன்றாகப் பிடிக்கும், அதனால் பூச்சைக் கொத்தாமல் முடியாது. ஆனால் ஒருவர் மொத்த விலையையும் இன்னொருவர் கோட்டிங் மருந்தின் விலையை மட்டும் சொன்னால், ஒப்பிடும் நாம்தான் ஏமாந்து நிற்போம். ஆகவே எல்லாரிடமும் இதே ஐந்து வரிகளைக் கேளுங்கள். பிரித்துத் தர மாட்டேன் என்பவரை நான் அப்போதே விட்டுவிடுவேன்.

பியு இன்ஜெக்‌ஷன் என்பது விரிசலை ஒட்டிச் சாய்வாகத் துளை போட்டு, நீர் பட்டால் நுரைத்துப் பெருகும் ரசாயனத்தை அழுத்தி ஏற்றுவது. ஓடும் நீரை நிறுத்த நல்ல வழி. சிலர் அடிக்கணக்கில் இல்லாமல் துளைக்கு இவ்வளவு என்பார்கள். அப்படியானால் எத்தனை துளை என்று எழுதி வாங்குங்கள், இல்லாவிட்டால் வேலை நடக்க நடக்கத் துளைகள் பெருகும்.

நான்காம் படி: மலிவானதை முதலில் செய்யுங்கள்

கூரைக் குழாயையும் லோங்காங்கையும் 1,300 ரிங்கிட்டில் சரிசெய்தோம். உடனே உள்ளே கை வைக்காமல் ஏப்ரல் மழை வரை காத்திருந்தோம். கோலாலம்பூரில் மழை உச்சத்துக்குப் போவது ஏப்ரலை ஒட்டி ஒரு முறை, நவம்பரை ஒட்டி ஒரு முறை. வெயில் காலத்தில் சுவர் காய்ந்திருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஏப்ரலில் ஈரம் பென்சில் கோட்டுக்கு மூன்றடி கீழேயே நின்றுவிட்டது. மூலையில் மட்டும் கசிவு தொடர்ந்தது. மூட்டுக்கு இன்ஜெக்‌ஷன், கீழ் இரண்டடிக்கு மட்டும் கொத்திக் கோட்டிங் என்று அதே 9,000-காரரிடம் மறுபடி விலை கேட்டோம். 3,600 என்றார். ஆக மொத்தம் 4,900.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டு சீலிங்கில் ஒழுகினால் முதலில் நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். அடுக்குமாடிகளுக்கான ஸ்ட்ராட்டா நிர்வாக விதிகளின்படி 7 நாளில் அவர்கள் வந்து பார்க்க வேண்டும். மேல்வீட்டால் வந்ததில்லை என்று நிரூபணமாகும் வரை, அது மேல்வீட்டின் குறை என்றே கொள்ளப்படும். குத்தகையாளரைத் தேடுவது அதற்குப் பிறகு.

ஐந்தாம் படி: உத்தரவாதமும் கடைசித் தவணையும்

"ஐந்து வருட வாரண்டி" என்பதை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். மருந்துக்கா, வேலைக்கா? ஓரடி தள்ளிக் கசிந்தால் அதுவும் சேருமா? மறுபடி கொத்தவும் பூசவும் யார் காசு? பதில்களை கொட்டேஷனிலேயே எழுதச் சொல்லுங்கள். தகராறு வந்தால் 50,000 ரிங்கிட் வரை மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம், மனுக் கட்டணம் 5 ரிங்கிட்தான். ஆனால் கையில் தாள் இருக்க வேண்டும், வாட்ஸ்அப் குரல்செய்தி போதாது.

கடைசித் தவணையை ஒரு பெருமழை வரை நிறுத்தி வைக்கக் கேளுங்கள். நாங்கள் 20 விழுக்காடு கேட்டோம், அவர் முகம் சுளித்தார். பத்தில் முடிந்தது. நவம்பரில் ஒரு நாள் சாயங்காலம் மூன்று மணி நேரம் கொட்டித் தீர்த்தது. அக்கா டார்ச் அடித்து மூலையெல்லாம் தடவிப் பார்த்தார், காய்ந்திருந்தது. மறுநாள் காலை அத்தான் அந்த 360 ரிங்கிட்டை அனுப்பிவைத்தார். அட்டைப்பெட்டிகளை மட்டும் அக்கா இன்னும் கீழே இறக்க விடவில்லை.