இன்டேக் மாற்றினால் மைலேஜ் கூடுமா? வாங்கும் முன் உங்கள் டிரக்கிலேயே அளந்து பாருங்கள்

என்னிடம் இருப்பது 2014 செவி சில்வராடோ 1500. 5.3 லிட்டர் வி8, டூ வீல் டிரைவ். ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில் குடியிருக்கிறோம். சனி, ஞாயிறுகளில் நானும் மனைவியும் ஒரு சின்ன டிரெய்லரில் தோசைக் கடை போடுகிறோம். மற்ற நாட்களில் வேலைக்குப் போகவும் அதே டிரக்தான். அதனால் பெட்ரோல் செலவு எங்கள் வீட்டில் வாடகைக்கு அடுத்த கணக்கு.

எங்கள் தெருவில் ஒரு தம்பி அதே டிரக் வைத்திருக்கிறார். ஒரு நாள் பானட்டைத் திறந்து காட்டினார். காற்று ஃபில்டர் இருக்கும் கறுப்புப் பெட்டியின் இடத்தில் பளபளவென்று ஒரு குழாய், அதன் நுனியில் சிவப்புக் கூம்பு ஃபில்டர். இன்ஜினுக்குக் காற்று போகும் இந்த வழியைத்தான் இன்டேக் என்கிறார்கள். “அண்ணா, இதைப் போட்டதும் கேலனுக்கு ரெண்டு மைல் ஏறிடுச்சு. முந்நூத்தி அம்பது டாலர்தான், ஒரு வருஷத்துல எடுத்துடலாம்” என்றார். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. நம்பி நானும் வாங்கிப் போட்டேன். அதன் பிறகு நான்கு மாதம் அளந்து கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். பெட்ரோல் பிக்கப் வைத்திருக்கிற யாரும் இதைச் செய்து பார்க்கலாம். வண்டியின் கம்ப்யூட்டரில் இருக்கும் அளவுகளைப் போனில் காட்டும் இருபது, முப்பது டாலர் ஓபிடி ரீடர் ஒன்றும் ஒரு போனும் போதும்.

முதலில், காசு கொடுப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய சோதனை. பத்து நிமிடம்தான் ஆகும்.

ஓபிடி ரீடரை ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் செருகி, போனில் உள்ள செயலியில் ‘மேனிஃபோல்டு பிரஷர்’ என்பதைத் திறந்து வையுங்கள். த்ராட்டிலைத் தாண்டி இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தம் அது. சாவியை மட்டும் போடுங்கள், இன்ஜினை ஓட்ட வேண்டாம். அப்போது தெரிவது வெளிக்காற்றின் அழுத்தம். கேட்டி கடல் மட்டத்தை ஒட்டிய ஊர் என்பதால் எனக்கு 101 கிலோபாஸ்கல் காட்டியது. டென்வர்போல உயரத்தில் இருக்கும் ஊரில் இது குறைவாக இருக்கும்.

இப்போது நெடுஞ்சாலைக்குப் போங்கள். சமதளத்தில் 65 மைல் வேகத்தில் குரூஸ் (வேகத்தைத் தானாக ஒரே அளவில் வைக்கும் வசதி) போட்டு, பக்கத்தில் இருப்பவரைப் படிக்கச் சொல்லுங்கள். ஓட்டிக்கொண்டே நீங்கள் பார்க்காதீர்கள். என் டிரக்கில் எட்டு சிலிண்டரும் ஓடும்போது 45, 48 என்று நின்றது. அதாவது வெளியே 101 இருக்கும் காற்று, இன்ஜினுக்குள் போகும்போது பாதிக்கும் கீழே வந்துவிடுகிறது.

அந்த மீதி அழுத்தம் எங்கே போனது? ஃபில்டரிலா? இல்லை. அதைப் பிடித்து வைத்திருப்பது த்ராட்டில் தட்டு. பெட்ரோல் இன்ஜினின் சக்தியைக் கட்டுப்படுத்தும் கதவு அதுதான். நாம் பெடலை லேசாக மிதித்தால் அது லேசாகத் திறக்கும்.

மூன்றாவது அளவு: பின்னால் வண்டி எதுவும் இல்லாத நேரத்தில், நெடுஞ்சாலையில் ஏறும் சரிவில், பெடலை முழுதாக மிதித்துச் சில நொடிகள் போங்கள். வேக வரம்பைத் தாண்ட வேண்டாம். எனக்கு 98 வந்தது. த்ராட்டில் முழுதாகத் திறந்திருக்கும்போது ஃபில்டர், பெட்டி, குழாய், த்ராட்டில் எல்லாம் சேர்ந்தே 3 கிலோபாஸ்கல்தான் தடுக்கின்றன. முழு சக்தியில் ஓடும்போது என் இன்ஜின் உறிஞ்சும் காற்று, 65 மைலில் உறிஞ்சுவதைப்போல ஏறக்குறைய எட்டு மடங்கு. அவ்வளவு காற்று பாயும்போதே தடை இவ்வளவுதான் என்றால், நிதானமாகப் போகும்போது ஃபில்டரின் தடை இருக்கும் இடமே தெரியாது.

இந்த மூன்று எண்ணையும் எழுதி வைத்துக்கொண்டு யோசித்தால் விஷயம் பிடிபடும். 65 மைலில் போக டிரக்குக்கு இவ்வளவு சக்தி வேண்டும், அதற்கு இவ்வளவு பெட்ரோல் வேண்டும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடைக்கணக்கில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று. எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு. உள்ளே வரும் காற்றை எம்ஏஎஃப் சென்சார் அளக்கிறது, வெளியே போகும் புகையை ஆக்சிஜன் சென்சார் பார்க்கிறது, கம்ப்யூட்டர் இரண்டையும் வைத்து பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. இந்த நிலையில் ஃபில்டர் பக்கம் தடையைக் குறைத்தால் என்ன ஆகும்? அதே காற்று போதும் என்பதால் த்ராட்டில் ஒரு மயிரிழை கூடுதலாக மூடிக்கொள்ளும். அவ்வளவுதான். நாம் வாசலை அகலப்படுத்துகிறோம், அடுத்த அறையின் கதவு அதற்கேற்ற அளவு சாத்திக்கொள்கிறது.

சில்வராடோவில் இதை நேரில் காட்டும் ஒரு வசதியும் இருக்கிறது. பாரம் இல்லாமல் போகும்போது நான்கு சிலிண்டர்களை அணைத்துவிட்டு மற்ற நான்கில் மட்டும் ஓடும். அப்போது மீட்டரில் ‘வி4’ என்று வரும், மேனிஃபோல்டு அழுத்தம் சட்டென்று மேலே ஏறும். நான்கு சிலிண்டரிலேயே அதே சக்தியை எடுக்க வேண்டியிருப்பதால் த்ராட்டில் அகலமாகத் திறக்கிறது, உறிஞ்சுவதற்காக இன்ஜின் வீணாக்கும் உழைப்பு குறைகிறது, பெட்ரோல் மிஞ்சுகிறது. தடையைக் குறைத்து மைலேஜ் எடுக்க வேண்டும் என்றால் கை வைக்க வேண்டிய இடம் த்ராட்டில் என்று இன்ஜினை வடிவமைத்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. குழாய் மாற்றி அந்த இடத்தை நாம் தொடவே முடியாது.

டென்னஸியில் உள்ள ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009இல் இதையே வேறு வழியில் சோதித்தது. வேண்டுமென்றே அடைத்த ஃபில்டரோடு கார்களை ஓட்டிப் பார்த்தார்கள். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும் நவீன இன்ஜின்களில் மைலேஜ் குறிப்பிடும்படி குறையவில்லை. வேகம் எடுப்பதுதான் மந்தமானது. பழைய கார்புரேட்டர் வண்டிகளில் மட்டும் புது ஃபில்டர் போட்டால் சாதாரணமாக 2 முதல் 6 சதவீதம் மிஞ்சும் என்று அமெரிக்க அரசின் எரிபொருள் வழிகாட்டி சொல்கிறது. “ஃபில்டர் மாத்தினா மைலேஜ் ஏறும்” என்று அப்பா காலத்து மெக்கானிக்குகள் சொன்னது அந்த வண்டிகளுக்குச் சரி. அடைத்த ஃபில்டரே மைலேஜைக் குறைக்காத இன்ஜினில், நல்ல ஃபில்டரை இன்னும் நல்ல ஃபில்டராக மாற்றி எதைக் கூட்டுவது?

சரி, அப்படியானால் அந்தத் தம்பிக்கு ஏறிய இரண்டு மைல்? இதற்காகத்தான் அளப்பதைப் பற்றி விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

அவர் இன்டேக் போட்டது பிப்ரவரியில். ஒப்பிட்டது ஏப்ரலில். குளிர்காலத்தில் இன்ஜின் சூடேற நேரம் ஆகும், குளிர்ந்த காற்று அடர்த்தியானது என்பதால் டிரக்கை அதிகம் தடுக்கும், குளிர்காலப் பெட்ரோலின் கலவையும் வேறு. இரண்டு மாதத்தில் இவை எல்லாம் மாறிவிட்டன. போதாததற்கு, அவர் பார்த்தது டாஷ்போர்டில் வரும் சராசரியை. எம்ஏஎஃப் சென்சார் உட்காரும் குழாயின் குறுக்களவு கொஞ்சம் மாறினாலும் அது அளக்கும் காற்று தப்பாகும். கம்ப்யூட்டர் பிறகு சரிசெய்துகொள்ளும் என்றாலும், இன்டேக் மாற்றிய வண்டியில் டாஷ்போர்டை நடுவராக வைக்காதீர்கள். பங்க் ரசீதை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

நான் செய்த முறை இது. கேட்டியிலிருந்து ஐ-10இல் மேற்கே கொலம்பஸ் வரை போய்த் திரும்பினால் சுமார் 90 மைல். முதலில் ஒரே ஒரு சுற்று ஓட்டி அளந்தேன். அது தப்பு. ஒரு சுற்றுக்கு நாலரை கேலன்தான் ஆகிறது. பங்கில் நிரப்பும்போது 0.2 கேலன் முன்பின் ஆனாலே 4 சதவீதப் பிழை வந்துவிடும். பிறகு மூன்று சுற்றாக, 270 மைல் ஓட்டி ஒருமுறை நிரப்பினேன். பிழை ஒன்றரை சதவீதத்துக்குள் அடங்கியது. அதே பங்க், அதே பம்ப், வண்டி நிற்கும் திசையும் அதே. முதல் ‘டக்’ சத்தத்தோடு நிறுத்திவிட வேண்டும், மேலே அமுக்கக் கூடாது. புறப்படும் முன் டயர் ஆறியிருக்கும்போதே காற்று சரிபார்த்தேன். ஏசி எல்லா முறையும் ஒரே அளவு. 65இல் குரூஸ், வலது லேன். பலத்த காற்று அடிக்கும் நாளில் கிளம்பவில்லை.

இதை மூன்று கட்டமாகச் செய்ய வேண்டும்: பழைய பெட்டியோடு, புது இன்டேக்கோடு, மறுபடி பழைய பெட்டியோடு. மூன்றாவது கட்டத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பழையதைத் திரும்பப் போட்டதும் எண் கீழே இறங்கினால்தான் ஏறியதற்குக் காரணம் இன்டேக். இறங்காவிட்டால் காரணம் வெயிலோ, நம் காலோ. ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு முறையாவது நிரப்புங்கள். என் சராசரி: பழையது 20.2, புதியது 20.4, மறுபடி பழையது 20.3. அளக்கும் பிழைக்குள்ளேயே அடங்கிவிடுகிற வித்தியாசம்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். வருடம் 12,000 மைல், எல்லாம் சேர்ந்து கேலனுக்கு 17 மைல் என்றால் ஏறக்குறைய 706 கேலன். கேலன் 3 டாலர் என்று வைத்தால் 2,118 டாலர். இன்டேக் 1 சதவீதம் மிச்சப்படுத்துகிறது என்று ஒத்துக்கொண்டாலும் வருடத்துக்கு 21 டாலர்தான். 350 டாலரை எடுக்கப் பதினாறு வருடத்துக்கு மேல் ஆகும்.

டிரெய்லர் இழுக்கும்போதாவது உதவுமா என்று மனைவி கேட்டாள். நல்ல கேள்வி. மேட்டில் பெடலை முழுதாக மிதிக்கும்போது த்ராட்டில் திறந்தே இருக்கிறது, அப்போது காற்று கொஞ்சம் கூடுதலாக வரும், சில குதிரைசக்தி கூடலாம். ஆனால் வந்த காற்றுக்கு ஏற்ற பெட்ரோலும் கூடவே போகும். சக்தி வேண்டும் என்பவர் அதற்காக வாங்கலாம், அந்தச் சத்தம் பிடித்தவரும் வாங்கலாம். மைலேஜுக்காக வாங்க வேண்டாம். டீசல் பிக்கப்பில் இந்த த்ராட்டில் கதை பொருந்தாது. ஆனால் அங்கே டர்போ இருக்கிறது, தொழிற்சாலைப் பெட்டியும் பெரியது. பானட்டுக்குள் ஃபில்டர் அடைப்பைக் காட்டும் சின்ன மானி இருந்தால், அது சிவப்பைத் தொடும்போது ஃபில்டரை மாற்றினால் போதும்.

இன்டேக் போட்டே தீருவேன் என்றால் சில விஷயங்களைக் கவனியுங்கள். எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டரைக் கழுவியபின் எண்ணெயை மிகக் குறைவாக விடுங்கள். நான் முதல் முறை தாராளமாக விட்டேன். எண்ணெய் எம்ஏஎஃப் சென்சாரின் மெல்லிய கம்பியில் படிந்தது, ஒரு வாரத்தில் செக் இன்ஜின் விளக்கு எரிந்தது. பிழைக் குறியீடு பி0171, அதாவது பெட்ரோல் போதாமல் ஓடுகிறது என்று அர்த்தம். எம்ஏஎஃப் கிளீனர் ஸ்ப்ரே என்று தனியாக விற்கிறது, அதை அடித்துக் காயவிட்டதும் சரியானது. கார்புரேட்டர் கிளீனரை அதில் அடிக்காதீர்கள்.

மூடிய பெட்டி இல்லாத கூம்பு ஃபில்டர் பானட்டுக்குள் இருக்கும் சூடான காற்றைத்தான் இழுக்கும். பெயர் கோல்ட் ஏர், அதாவது குளிர்ந்த காற்று, என்று இருந்தாலும், ரீடரில் உள்வரும் காற்றின் வெப்பத்தையும் வெளி வெப்பத்தையும் ஒப்பிட்டால் உண்மை தெரிந்துவிடும். ஃபில்டரைத் தாழ்வாக வைக்கும் கிட் எங்கள் ஹூஸ்டன் பக்கத்துக்கு ஆகவே ஆகாது. ஒரு மழைக்கே சாலை குளமாகிற ஊர் இது. ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போனால் கனெக்டிங் ராடு வளைந்து இன்ஜினே போய்விடும். கலிபோர்னியாவில் இருப்பவர்கள் அந்த மாநிலக் காற்றுவள வாரியத்தின் ஒப்புதல் எண் கிட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஸ்மாக் எனும் புகைச் சோதனையில் கண்ணால் பார்த்தே நிறுத்திவிடுவார்கள். வாரன்டி இருக்கும் வண்டி என்றால் 1975 முதல் இருக்கும் மேக்னசன்-மாஸ் சட்டத்தின்படி, வெளிச்சாமான் போட்டாய் என்ற ஒரே காரணத்துக்காக வாரன்டியை மறுக்க முடியாது. ஆனால் பழுது அந்தச் சாமானால் வந்தது என்றால் அந்தப் பழுதுக்கு மறுக்கலாம். கழற்றிய பழைய பெட்டியை எறிந்துவிடாதீர்கள்.

மைலேஜ் உண்மையில் எங்கே கிடைத்தது என்றால், வேகத்தில். இந்தச் சாலையில் 75 மைல் வரை போகலாம், நானும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன். 65இலிருந்து 75க்குப் போனால் காற்றின் தடை மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. பிக்கப் ஒரு நகரும் சுவர் என்பதால் இது நன்றாகவே தெரியும். அதே 270 மைலை 75இல் ஓட்டியபோது எனக்கு 17.6தான் வந்தது. டயரில் காற்று 1 பிஎஸ்ஐ குறைந்தால் 0.2 சதவீதம் போகிறது. என் டயர்கள் 7 குறைவாக இருந்தன. பின்னால் எப்போதும் கிடந்த காஸ் சிலிண்டர், அரவை இயந்திரம், மடக்கு மேசை எல்லாம் சேர்த்து 200 பவுண்டுக்கு மேல். 100 பவுண்டுக்கு ஏறக்குறைய 1 சதவீதம் என்பது கணக்கு. வாரநாட்களில் அவற்றை இறக்கி வீட்டிலேயே வைத்துவிடுகிறோம்.

இன்டேக்கைக் கழற்றிப் பாதி விலைக்கு விற்றேன். வாங்க வந்தவரிடம் மூன்று கட்டத்தின் ரசீதுகளையும் காட்டினேன். அவருக்குச் சத்தம்தான் வேண்டுமாம், சந்தோஷமாக எடுத்துக்கொண்டு போனார். தெருவில் இருக்கும் அந்தத் தம்பி இந்த மாதம் தன் டிரக்கில் பழைய பெட்டியைப் போட்டு மூன்றாவது கட்டத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறார். என் ஓபிடி ரீடர் இப்போது அவரிடம்தான் இருக்கிறது.